சீலியாக் இருந்தா குடல்ல லிம்போமா வருமா? திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதிலும்

எனக்கு சீலியாக்னு தெரிஞ்சு பதினோரு வருஷமாச்சு. சொந்த ஊரு திருச்சி பக்கம், பொழப்பு குர்காவ்ல. தமிழ்ல இதப்பத்தி பேச ஆள் கம்மிங்குறதால யாராவது மெசேஜ் போட்டுட்டே இருப்பாங்க, அதுல பாதி ராத்திரி பதினொரு மணிக்கு மேல வர்றது, ஏன்னா அப்பதான் கூகுள்ல "சீலியாக் கேன்சர்"னு தேடிட்டு தூக்கம் போயி உக்காந்திருப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் ஒரே இடத்துல போடுறேன். லிம்போமான்னா வெள்ளணுக்கள்ல வர்ற ஒரு வகை கேன்சர். நான் டாக்டர் இல்ல. நோயாளி, நிறைய படிச்ச நோயாளி, அவ்வளவுதான்.

மொதல்ல சீலியாக்னா என்னன்னு ரெண்டு வரில சொல்லுங்க?

கோதுமை, பார்லி, ரை இந்த மூணுலயும் இருக்குற குளூட்டன்ங்குற புரதத்த பாத்தா நம்ம எதிர்ப்பு சக்தி எதிரின்னு நெனச்சு சண்டைக்குப் போகுது, அடி வாங்குறது நம்ம சிறுகுடல். பள்ளிக்கூடத்துல குடலுறிஞ்சின்னு படிச்சிருப்பீங்களே, சத்த இழுக்குற அந்த சின்னச் சின்ன விரல் மாதிரி சமாச்சாரம், அது தேஞ்சு வழுக்கையாயிடும். புது டர்க்கி டவல் நைஞ்சு நைஞ்சு வேட்டித்துணி மாதிரி ஆகுறத நெனச்சுக்கோங்க. இது அலர்ஜி இல்ல, ஆட்டோ இம்யூன். எச்.எல்.ஏ. டிக்யூ2 இல்லன்னா டிக்யூ8 ஜீன் இல்லாதவங்களுக்கு இது கிட்டத்தட்ட வராது, ஆனா அந்த ஜீன் இருக்குற எல்லாருக்கும் வந்துடும்னும் இல்ல.

நாம சோறு திங்கிற ஆளுங்க, நமக்கு எங்கருந்து இது?

இத என் சொந்த மாமாவே கேட்டாரு. 2016ல வெளிவந்த ஒரு ஆய்வுல வடக்கு, வடகிழக்கு, தெற்குன்னு மூணு பக்கமும் சேத்து 23,331 பெரியவங்கள பாத்தாங்க, தெற்குக்கு வேலூர் பக்கம் எடுத்தாங்க. ரத்தத்துல சீலியாக் ஆன்டிபாடி இருந்தவங்க வடக்குல நூத்துக்கு 1.23, தெற்குல வெறும் 0.10. இதுல முக்கியமான விஷயம் என்னன்னா ஜீன் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணுதான், வித்தியாசம் தட்டுல, வடக்குல ஒரு நாளைக்கு கோதுமை சராசரி 455 கிராம், நம்ம பக்கம் 25 கிராம். அதாவது வித்து நம்மகிட்டயும் இருக்கு, தண்ணி ஊத்தல, அவ்வளவுதான். இப்ப சுகர் வந்த வீட்டுல எல்லாம் ராத்திரி சப்பாத்தின்னு ஆயிடுச்சு, என்னை மாதிரி வடக்க வந்து ரொட்டியிலயே குடித்தனம் நடத்துறவங்களும் ஏராளம். அதனால "நமக்கு வராது"ன்னு சொல்ற டாக்டர்கிட்ட ஒரு டிடிஜி டெஸ்ட் (சீலியாக் ஆன்டிபாடி பாக்குற ரத்த டெஸ்ட்) எழுதிக் குடுங்கன்னு கேக்குறதுல தப்பே இல்ல.

இதுக்கும் லிம்போமாவுக்கும் என்ன சம்பந்தம், யாரு கண்டுபிடிச்சாங்க?

இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா ரொம்ப நாளா தலைகீழா நெனச்சிட்டு இருந்திருக்காங்க. 1937ல ஃபேர்லி, மேக்கின்னு ரெண்டு டாக்டருங்க, குடல் பக்கம் லிம்போமா இருக்குறவங்களுக்கு கொழுப்பு செரிக்காம எண்ணெயா வெளிய போகுதுன்னு எழுதுனாங்க. அப்போ எல்லாரும் நெனச்சது கேன்சர் வந்ததால செரிமானம் கெட்டுச்சுன்னு. 1962ல காஃப், ரீட், நைஷ் மூணு பேரும் அத திருப்பிப் போட்டாங்க, இல்லப்பா, செரிமானக் கோளாறுதான் மொதல்ல பல வருஷம் இருந்திருக்கு, அதுக்கு மேல வந்ததுதான் லிம்போமான்னு. அப்பறமும் அது எந்த செல்லுன்னு குழப்பம், 1985ல ஐசக்சன் குழு அது டி செல்லுன்னு காட்டுனாங்க. அதுக்கு அடுத்த வருஷம் வந்த பேருதான் இன்னிக்கு ரிப்போர்ட்ல பாக்குற இஏடிஎல், அதாவது குடல் நோயோட சேந்து வர்ற டி செல் லிம்போமா.

எப்படி வருதுன்னா, குடலோட மேல் தோல் அடுக்குக்குள்ளயே காவலுக்கு உக்காந்திருக்குற வெள்ளணுக்கள் உண்டு. சீலியாக்ல குடல் செல்லுங்க ஐஎல்-15னு ஒரு சிக்னல ஓயாம அனுப்புது, அது இந்தக் காவக்காரங்கள "சாகாத, இரு, சண்டை போடு"ன்னு உசுப்பேத்திட்டே இருக்கு. வருஷக்கணக்குல இப்படி உசுப்பேத்துனா ஒருத்தன் ரெண்டு பேருக்கு ஜீன்ல கோளாறு வருது, ஜாக்1, ஸ்டாட்3 இந்த ஜீன்லதான் அடிக்கடி பாக்குறாங்க, அப்பறம் அவன் கொஞ்சம் சிக்னல் கெடச்சாலே பெருகுற ஆளா மாறிடுறான். அவனோட நகலே குடல் பூரா பரவுனா அது ஒரு கட்டம், கட்டியா மாறுனா அதுக்கு அடுத்த கட்டம்.

அண்ணே சுத்தி வளைக்காம சொல்லுங்க, எத்தன பேருக்கு வரும்?

ரொம்பக் கம்மி பேருக்கு. ஸ்வீடன்ல திரும்ப ஒரு தடவ பயாப்ஸி (குடல்ல துளி சதை கிள்ளி சோதிக்கிறது) எடுத்த 7,625 சீலியாக்காரங்கள தொடர்ந்து பாத்து 2013ல எழுதுனாங்க. ஒரு லட்சம் பேர்ல வருஷத்துக்கு சுமார் 68 பேருக்கு லிம்போமா, மத்த ஜனங்கள்ல அது 24 கிட்ட. இது எல்லா வகை லிம்போமாவும் சேத்து, குடல்ல வர்றது மட்டும் இல்ல. "கிட்டத்தட்ட மூணு மடங்கு"ன்னு தலைப்பு போட்டா வயித்தக் கலக்கும், ஆனா ஒரு லட்சத்துல 99,932 பேருக்கு அந்த வருஷம் ஒண்ணும் ஆகலங்குறதும் அதே கணக்குதான்.

அந்த ஆய்வுல நான் கோடு போட்டு வெச்சிருக்குறது வேற இடம். குடல் ஆறுனவங்களுக்கு லட்சத்துல 31, 32 பேர், ஆறாம வழுக்கையாவே இருந்தவங்களுக்கு 102. டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது "எனக்கு கேன்சர் வருமா"ன்னு இல்ல, "என் குடல் ஆறிடுச்சா"ன்னுதான்.

"சிக்கலான சீலியாக்", "ரிஃப்ராக்டரி"ன்னு எழுதியிருக்காங்களே, அது என்ன?

குளூட்டன் துளிகூட இல்லாம ஆறு மாசத்துலருந்து ஒரு வருஷம் வரைக்கும் இருந்தும் பேதி, எடை குறையுறது நிக்கல, பயாப்ஸில குடலும் ஆறல, வேற காரணமும் இல்லன்னா அதுதான் ரிஃப்ராக்டரி சீலியாக். இதுல ரெண்டு டைப். டைப் 1ல அந்தக் காவக்கார வெள்ளணுக்கள் பாக்க ஒழுங்காதான் இருக்கும், கூட்டம் மட்டும் ஜாஸ்தி. டைப் 2ல அவங்களே திரிஞ்சு போயிருப்பாங்க. இது ரெண்டு, அப்பறம் நடுக்குடல்ல புண்ணு புண்ணா வர்ற அல்சரேட்டிவ் ஜெஜுனைட்டிஸ், கடைசில லிம்போமா, இதெல்லாம் சேத்துதான் சிக்கலான சீலியாக்னு சொல்றது. பெரும்பாலும் அம்பது வயசு தாண்டினவங்க, அதுலயும் லேட்டா கண்டுபிடிச்சவங்க.

நான் டயட்ட கரெக்டா இருக்கேன், ஆனாலும் சரியாகல. அப்ப எனக்கு ரிஃப்ராக்டரிதானே?

அவசரப்படாதீங்க. பத்துல பாதிக்கு மேல இப்படி எழுதுறவங்க வீட்டுல எங்கயோ குளூட்டன் ஒளிஞ்சிருக்கும். என் கதையவே சொல்றேன். ரெண்டு வருஷம் டிடிஜி எறங்கவே இல்ல, பேதியும் நிக்கல. ரொட்டி கெடையாது, பிஸ்கட் கெடையாது, சேமியா, ரவா எதுவும் கெடையாது, இட்லி, சோறு, சாம்பார் அவ்வளவுதான். ஊருக்குப் போனப்ப அம்மா சாம்பாருக்கு தாளிக்கிறாங்க, சும்மா பொழுது போகாம பெருங்காய டப்பாவ கைல எடுத்து பின்னாடி இருக்குற பொடி எழுத்த படிக்கிறேன். கோதுமை மாவு, கோந்து, அப்பறம்தான் பெருங்காயம். நம்ம கடைல கெடைக்குற கூட்டுப் பெருங்காயத்துல மாவு சேக்குறது வழக்கம், இது ஊரறிஞ்ச விஷயம், எனக்குத்தான் தெரியல. சாம்பார், ரசம், இட்லிப்பொடி, ஊறுகாய் எல்லாத்துலயும் அதுதான். அம்மா அந்த டப்பாவையே பாத்துட்டு நின்னாங்க, ஒண்ணும் பேசல, அன்னிக்கு ரசம் பெருங்காயம் இல்லாம வந்துச்சு. இப்ப அரிசி மாவு சேத்தது வாங்குறோம்.

அடுத்த வில்லன் மாவு மில்லு. நம்ம கேழ்வரகு சுத்தமானதுதான், ஆனா நமக்கு முன்னாடி ஒருத்தர் அஞ்சு கிலோ கோதுமை அரைச்சிட்டுப் போயிருப்பாரு. அப்பறம் மால்ட் போட்ட சத்து பானம், சோயா சாஸ், ஹோட்டல்ல ரவா தோசை வாத்த கல்லுலயே வார்க்குற சாதா தோசை. பாக்கெட்ல குளூட்டன் ஃப்ரீன்னு போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம், அந்த அளவுதான் நமக்கும் கணக்கு.

சரி, டயட் நெஜமாவே சுத்தம்னு உணவு ஆலோசகரே ஒத்துக்கிட்டா, அப்பவும் மத்த காரணம் பாக்கணும். ஜியார்டியாங்குற ஒட்டுண்ணி, சிறுகுடல்ல பாக்டீரியா பெருகுறது, பால் சேராம போறது, கணைய நீர் கம்மியா சுரக்குறது, பெருங்குடல்ல மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ். அதுக்கும் மேல, மொதல்லயே அது சீலியாக்தானான்னு ஒரு தடவ சந்தேகப்படணும். நம்ம நாட்டுல குடல் டிபி உண்டு, டிராபிக்கல் ஸ்ப்ரூ உண்டு, ரெண்டும் குடல இதே மாதிரி தேச்சு வெக்கும். பிபி மாத்திர ஓல்மெசார்ட்டான் இன்னொண்ணு, 2012ல மேயோ கிளினிக்ல 22 பேர பத்தி எழுதுனாங்க, அச்சு அசல் சீலியாக் மாதிரியே பேதியும் எடைக்குறைவும், மாத்திரைய நிறுத்துனதும் சரியாயிடுச்சு. அதுக்காக நீங்களே மாத்திரைய நிறுத்திடாதீங்க, சீட்ட எடுத்துட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டுங்க.

டயட்லதான் தப்பு பண்றீங்கன்னு ஒவ்வொரு தடவையும் டாக்டர் திட்டி அனுப்புறாரு, என்ன பண்றது?

இது எதிர்ப்பக்கத்து தப்பு. மேல சொன்ன எல்லாம் பாத்தாச்சு, டிடிஜி நார்மல் ஆயிடுச்சு, ஆனா எடை எறங்கிட்டே போகுதுன்னா "என்னமோ தின்னிருப்பீங்க"ங்குற பதில ஏத்துக்காதீங்க. டிடிஜி நார்மல்ங்குறது குளூட்டன் நெறைய உள்ள போகலன்னு ஓரளவு காட்டும், குடல் ஆறிடுச்சுன்னு காட்டாது. ரிஃப்ராக்டரி இருக்குற பல பேருக்கு டிடிஜி நெகட்டிவ்வாதான் இருக்கும். எண்டோஸ்கோப்பி பண்ணி திரும்ப பயாப்ஸி எடுக்கணும்னு கேளுங்க, அங்க முடியாதுன்னா பெரிய ஆஸ்பத்திரி குடல் டாக்டருக்கு லெட்டர் கேளுங்க.

டைப் 1ஆ டைப் 2வான்னு எப்படி பிரிக்கிறாங்க?

திரிஞ்சு போன செல்லு வெளிய அடையாள அட்டைய கழட்டி வெச்சிட்டு சுத்துற ஆளு. சிடி3, சிடி8ங்குற ரெண்டு புரதமும் செல்லோட மேல்பக்கம் இருக்கணும், இவனுக்கு மேல இருக்காது, ஆனா சிடி3 உள்ளுக்குள்ள இருக்கும். அத ஃப்ளோ சைட்டோமெட்ரில எண்ணுறாங்க, இப்படிப்பட்ட செல்லு நூத்துக்கு 20க்கு மேலன்னா டைப் 2ன்னு பொதுவா வெச்சிருக்காங்க. டி செல் ஜீன் டெஸ்ட்ல எல்லாம் ஒரே ஆளோட நகலான்னும் பாப்பாங்க.

இங்க ஒரு நடைமுறை விஷயம், இத யாரும் சொல்ல மாட்டாங்க. வழக்கமா பயாப்ஸித் துண்ட ஃபார்மலின்ல போட்டுருவாங்க, அதுல போட்டா ஃப்ளோ சைட்டோமெட்ரி பண்ண முடியாது, அதுக்கு துண்டு ஃப்ரெஷ்ஷா லேபுக்குப் போகணும். எண்டோஸ்கோப்பிக்கு தேதி வாங்குறப்பவே "ஃப்ளோவுக்கும் சேத்து எடுப்பீங்களா, லேபுக்கு சொல்லியாச்சா"ன்னு கேட்டுடுங்க. இல்லன்னா திரும்ப பட்டினி கெடந்து, திரும்ப குழாய முழுங்கணும்.

பிரிச்சுப் பாக்குறது எதுக்குன்னா ரெண்டோட தலையெழுத்தும் வேற வேற. டைப் 1ல அஞ்சு வருஷம் கழிச்சு பத்துக்கு ஒம்பது பேருக்கு மேல உயிரோட இருக்காங்க. டைப் 2ல அது பாதிக்கு பக்கம், ஏன்னா அதுல மூணுல ஒருத்தர்லருந்து ரெண்டுல ஒருத்தர் வரைக்கும் அஞ்சு வருஷத்துக்குள்ள லிம்போமாவுக்குப் போறாங்க. டைப் 2வ லிம்போமாவோட வாசப்படின்னே சில டாக்டருங்க சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது.

எந்த அறிகுறி வந்தா ஓடணும்?

ஆபீஸ்ல ஒரு பஞ்சாபி நண்பனோட அப்பா, அறுபது வயசு தாண்டினவரு, சீலியாக்னு தெரிஞ்சு பல வருஷம் நல்லா இருந்தாரு. திடீர்னு பெல்ட்டுல ஆணிய வெச்சு அவரே புது ஓட்ட போட்டுக்கிட்டாரு. ரெண்டு மாசத்துல இன்னொரு ஓட்ட. வீட்டுல வயசாயிடுச்சு, நடக்குறாரு, அதான் இளைச்சிட்டாருன்னு விட்டுட்டாங்க. ஒரு நாள் ராத்திரி வயித்து வலி, எமர்ஜென்சில தொறந்து பாத்தா சிறுகுடல்ல ஓட்ட விழுந்திருக்கு, அந்த ஓட்ட விழுந்த எடம்தான் லிம்போமா. பெல்ட்டு ஓட்டைய யாருமே கணக்குல எடுக்கல.

நல்லா இருந்தவங்களுக்கு திரும்ப பேதி, காரணமில்லாம எடை குறையுறது, விடாத வயித்து வலி, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி தலகாணி நனையுற வேர்வ, மலத்துல ரத்தம் இல்ல கருப்பா போறது, ரத்தத்துல ஆல்புமின்ங்குற புரதம் எறங்கி கால் வீங்குறது, இதுல எது வந்தாலும் அந்த வாரமே பாருங்க. வயிறு கல்லு மாதிரி ஆயி வலி தாங்கல, வாந்தி நிக்கல, காத்துகூட போகலன்னா காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அப்பவே எமர்ஜென்சி.

சாதா எண்டோஸ்கோப்பில தெரிஞ்சிடுமா?

எல்லா நேரமும் தெரியாது. லிம்போமா அதிகமா வர்றது ஜெஜுனம்ங்குற நடுப்பகுதில, சாதா குழா அவ்வளவு தூரம் போகாது. சிடி ஸ்கேன் இல்லன்னா எம்ஆர் ஸ்கேன்ல பண்ற என்ட்ரோகிராஃபி, பெட் சிடி ஸ்கேன், கேமரா மாத்திர, டபுள் பலூன் என்ட்ரோஸ்கோப்பி இதெல்லாம் அதுக்குத்தான். கேமரா மாத்திரைக்கு முன்னாடி குடல்ல அடைப்பு இருக்கான்னு ஸ்கேன்ல பாத்துக்கணும், சுருங்குன எடத்துல மாத்திர மாட்டுச்சுன்னா அத எடுக்கவே ஆபரேஷன் ஆயிடும்.

வைத்தியம் இருக்கா?

டைப் 1க்கு இருக்கு. புடெசோனைட்ங்குற ஸ்டீராய்டு கேப்ஸ்யூல பிரிச்சு குடுக்குற முறை ஒண்ணு உண்டு, அந்த மாத்திர சாதாரணமா கீழ்க்குடல்ல கரையுற மாதிரி செஞ்சது, நமக்கு நோய் மேல இருக்குறதால பிரிச்சு சாப்பிடச் சொல்றாங்க. டாக்டர் சொல்ற விதத்துலதான் சாப்பிடணும், யூடியூப் பாத்து இல்ல. எதிர்ப்பு சக்திய அடக்குற அசாதயோப்ரின் டைப் 1க்கு தருவாங்க, டைப் 2க்கு தவிர்க்கப் பாப்பாங்க, லிம்போமாவ தூண்டிடுமோங்குற பயம். டைப் 2க்கு புடெசோனைட், கிளாட்ரிபைன், சிலருக்கு அவங்க ஸ்டெம் செல்லையே எடுத்து திரும்ப ஏத்துறது. ஐஎல்-15அ அடைக்குற மருந்து ஒண்ண சோதிச்சு 2019ல வெளியிட்டாங்க, பேதி கொறஞ்சுது, ஆனா முக்கிய இலக்கா வெச்சிருந்த அந்தக் கெட்ட செல் எண்ணிக்க கொறையல. இப்ப ஜாக் தடுப்பு மருந்துகள முயற்சி பண்றாங்க.

லிம்போமாவே வந்துட்டா, பூசி மெழுக மாட்டேன், கஷ்டமான நோய்தான். பழைய கணக்குப்படி அஞ்சு வருஷம் தாண்டுறவங்க அஞ்சுல ஒருத்தருக்கும் கம்மி. கட்டி இருக்குற குடல் துண்ட வெட்டி எடுத்துட்டு கீமோ, அப்பறம் முடிஞ்சா ஸ்டெம் செல். இங்கிலாந்துல நியூகாசில் முறைன்னு ஒண்ணு, கடுமையான கீமோவும் ஸ்டெம் செல்லும் சேந்தது, 26 பேருக்குக் குடுத்து 2010ல எழுதுனாங்க, அஞ்சு வருஷத்துல நூத்துக்கு 60 பேர் இருந்தாங்க. ஆனா அவங்க அந்த கீமோவ தாங்குற தெம்பு இருந்தவங்க. நெறைய பேரு வந்து சேர்றப்பவே எலும்பும் தோலுமா இருக்காங்க, அதனால மொதல்ல சத்து ஏத்துறதே பாதி வைத்தியம். கட்டியோட பயாப்ஸில சிடி30 பாசிட்டிவ்வான்னு கேளுங்க, அது இருந்தா ப்ரென்டுக்ஸிமாப்ங்குற மருந்தையும் சேத்து யோசிப்பாங்க.

அப்பா ரிப்போர்ட்ல எம்இஐடிஎல்னு போட்டிருக்கு, அப்ப அவருக்கு சீலியாக் இருந்திருக்கா?

அப்படி அர்த்தம் இல்ல. முன்னாடி இஏடிஎல் டைப் 2ன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுக்கும் சீலியாக்குக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு தெரிஞ்சதும் உலக சுகாதார நிறுவனத்தோட 2016 திருத்தத்துல எம்இஐடிஎல்னு தனிப் பேரு குடுத்துட்டாங்க. அது ஆசியாக்காரங்ககிட்டதான் அதிகம். இந்த "டைப் 2"வையும் ரிஃப்ராக்டரி டைப் 2வையும் போட்டுக் குழப்பிக்காதீங்க, படிச்சவங்களே குழம்புறாங்க. பொதுவா குடல்ல வர்ற லிம்போமால பி செல் வகைதான் ஜாஸ்தி. அதனால குடல் லிம்போமான்னு கேட்டதும் வீட்டுல எல்லாருக்கும் சப்பாத்திய நிறுத்த வேண்டாம்.

பொண்ணுக்கு ஏழு வயசு, சீலியாக். பயமா இருக்கு.

அந்த வயசுல இந்த லிம்போமா நெனச்சுப் பாக்க முடியாத அளவுக்கு அரிது, குழந்தைங்க குடல் பெரியவங்கள விட நல்லாவே ஆறும். தயவு செஞ்சு கேன்சர் கேன்சர்னு சொல்லி அந்தப் புள்ளைய பிஸ்கட்ட விட்டு வெரட்டாதீங்க, பிறந்தநாளுக்கு அரிசி மாவுல கேக் செஞ்சு குடுங்க.

ஒரு நாள் கல்யாண வீட்டுல பரோட்டா தின்னுட்டேன்...

வயிறு படுத்தும், ஆனா அந்த ஒரு தடவையால கேன்சர் வந்துடும்னு பயப்பட வேண்டாம். வாராவாரம் "ஒரு நாள்தானே"ன்னு போறதுதான் வம்பு. 1989ல இங்கிலாந்துல 210 பேர பாத்ததுல, அஞ்சு வருஷம் ஒழுங்கா டயட்ல இருந்தவங்களுக்கு கேன்சர் ரிஸ்க் மத்தவங்க அளவுக்கே எறங்கியிருந்துச்சு.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம், என்ன எடுத்துட்டுப் போகணும்?

எல்லா டிடிஜி ரிப்போர்ட்டும் தேதி வாரியா, எடை எந்த மாசம் எவ்வளவுன்னு ஒரு துண்டு சீட்டு, சாப்பிடுற மாத்திர எல்லாம், ஒரு வாரம் தின்னது அத்தனையும் எழுதுன நோட்டு, சமையக்கட்டுல இருக்குற மசாலா பாக்கெட் போட்டோ. அதைவிட முக்கியம் பழைய பயாப்ஸி பிளாக்கும் ஸ்லைடும், ரிப்போர்ட் காயிதம் மட்டும் பத்தாது, அங்க இருக்குற பேத்தாலஜிஸ்ட் தன் கண்ணால பாக்கணும்னு கேப்பாரு. லேப்ல எழுதிக் குடுத்தா தருவாங்க. வாங்கிட்டு வர்ற வழில வெயில்ல நிக்குற கார் டேஷ்போர்டு மேல மட்டும் வெச்சிடாதீங்க, அந்த பிளாக் மெழுகுல செஞ்சது.